தலைமாட்டுப் பேச்சு

மெர்யாவைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால், "அவளா? அம்மாடி, வாய் ஓயவே ஓயாது" என்பார்கள். கடைத்தெருவில் கேட்டால், "அந்த ஊமைச்சியா?" என்பார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரே ஆபரேஷன் தியேட்டரில் அவளோடு காலம் பூராவும் நின்றவள் நான். கத்தியும் கத்திரியும் எடுத்துக் கொடுக்கிற நர்ஸ், பெயர் ரைசா. என் வாயும் சும்மா இருக்காது. ஆனால் எனக்கு எங்கே போனாலும் ஒரே வாய்தான். அவளுக்கு அப்படி இல்லை.

மெர்யா மயக்க மருந்து நர்ஸ். சிசேரியன் என்றால் எங்கள் தியேட்டரில் ஆளை முழுசாகத் தூங்க வைப்பது அபூர்வம். முதுகுத்தண்டில் ஓர் ஊசி; மார்புக்குக் கீழே எல்லாம் மரத்துவிடும்; தாய் விழித்தபடியே இருப்பாள். வலி போவதோடு இன்னொன்றும் போகும். கால்களில் இருக்கிற ரத்தக் குழாய்கள் தளர்ந்துபோய், ரத்தம் அங்கேயே தேங்கி, பிரஷர் சடசடவென்று இறங்கும். மல்லாந்து படுத்தால் வயிற்றுப் பாரம் வேறு உள்ளே இருக்கிற பெரிய குழாயை அழுத்தும். தாய்க்கு இறங்கினால் குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறையும். அதனால் இறங்குவதற்கு முன்னாலேயே பிடித்து நிறுத்த வேண்டும். ஊசி போட்ட கையோடு டிரிப்ஸை வேகமாக விட வேண்டும். குழாய்களை இறுக்குகிற மருந்தை பம்ப்பில் ஓட விட வேண்டும். வலது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகி ஆளை இடப்பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும். கையில் பட்டையைச் சுற்றி நிமிஷத்துக்கு நிமிஷம் பிரஷர் பார்க்க வேண்டும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லா ஊரிலும் செய்கிறதுதான்.

பேச்சு மட்டும் மெர்யாவுடையது. பட்டை ஒரு தடவை இறுகித் தளர்ந்து அடுத்த தடவை இறுகுவதற்குள் பிரஷர் பாதாளத்துக்குப் போய்விடலாம். அந்த இடைவெளியில் முதலில் வருவது பெரும்பாலும் குமட்டல். தாய் வாயைத் திறந்து "குமட்டுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பின்லாந்தின் இந்த வடக்கு மூலையில் எவள் சொல்லுவாள்? எங்கள் ஜனத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன! கோடாரி காலில் விழுந்தாலும் "பரவால்ல, ஒண்ணுமில்ல" என்பார்கள். உதடு வெளுத்துக் கண் செருகுகிற நேரத்திலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்ன மகராசிகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாதாம். செத்தாலும் சத்தம் போடாமல் சாக வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் மெர்யா தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். தாயின் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆரம்பித்துவிடுவாள்.

"உங்க வீட்ல உருளைக்கிழங்கு தோண்டியாச்சா?"

"ஆச்சு."

"மஞ்சளா, வெள்ளையா?"

"மஞ்சள்."

"யாரு தோண்டினது, நீங்களா, மாமியாரா?"

"மாமியாரா! அவங்க குனிஞ்சே நான் பாத்ததில்ல."

உருளைக்கிழங்கு யார் தோண்டினால் அவளுக்கு என்ன? பதில் வருகிற வேகம்தான் அவளுக்கு வேண்டும். பதில் கொஞ்சம் இழுத்தாலோ, நடுவில் ஒரு கொட்டாவி வந்தாலோ, "கிம்மோ" என்பாள். மயக்க மருந்து டாக்டர் கிம்மோவின் கை பம்ப்பில் இருக்கும். அவன் கெட்டிக்காரன், எதையும் இரண்டாம் தடவை சொல்ல வைக்க மாட்டான். யாருடைய மௌனத்தையும் நம்பாதே என்பதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் இடையே இருந்த ஒப்பந்தம்.

வேலை முடிந்து உடை மாற்றினாளோ இல்லையோ, அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். காபி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிங்கில் விழுகிற பனியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏண்டி, உள்ள அவ்ளோ பேசற. எனக்கு ஒரு வார்த்தை கிடையாதா?" என்று கேட்பேன்.

"தீந்து போச்சு ரைசா" என்பாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே தீர்ந்துபோன முகம் அது.

அவள் வீடு ஏரிக்கரையில் இருக்கிறது. கணவன் தபானி மர லாரி ஓட்டினான். அவனும் வாய் செத்த மனுஷன்தான். ஒரே மகள் சானா. அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் காபி வரும், ஏலக்காய் ரொட்டி வரும், பேச்சு மட்டும் வராது. அந்தப் பெண் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதை கதையாகச் சொல்லும். தாய் "ம்" என்பாள். தகப்பன் "ம்" என்பான். கொஞ்ச நாளில் அதுவும் சொல்வதை விட்டுவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயிறு எரியும், ஆனால் அடுத்த வீட்டுக் காரியத்தில் மூக்கை நுழைப்பது எங்கள் ஊரில் கொலைக்குச் சமம்.

ஓர் இலையுதிர் காலத்தில் தபானி ஏரியில் வலை இழுக்கப் போனான். படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் காபி. மெர்யா அழவில்லை. சால்மன் மீன் கேக்கைத் துண்டு போட்டுத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். தெற்கே துர்க்கு நகரத்தில் வேலை பார்க்கிற சானா ராத்திரி ரயிலில் வந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அம்மா, அப்பா கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

மெர்யா அவளைப் பார்த்தாள். பிறகு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். "காபி ஆறுது. குடி."

சானா எழுந்துவிட்டாள். கூடமே கேட்கிற குரலில், "உன்கூட பேசணும்னா நான் வயித்தக் கிழிச்சுக்கிட்டு உன் மேஜைல வந்து படுக்கணும் போல!" என்றாள். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபத்தில் பேச்சை நிறுத்துவதற்கு எங்கள் மொழியில் 'ஊமைப் பள்ளிக்கூடம்' என்று பெயர். புருஷன் பெண்டாட்டி நடத்துவார்கள், அண்ணன் தம்பி நடத்துவார்கள், ஒரு வாரத்தில் யாராவது ஒருவர் "உப்பை எடு" என்று சொல்லப் பள்ளிக்கூடம் கலைந்துவிடும். சானா நடத்திய பள்ளிக்கூடம் நாலு வருஷம் கலையவில்லை. மெர்யா போன் செய்தால் எடுக்க மாட்டாள். அனுப்பிய கம்பளிக் காலுறைகள் திரும்பி வரவும் இல்லை, கிடைத்தது என்று பதிலும் இல்லை.

மெர்யா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தானாகக் கேட்டு டியூட்டி வாங்கிக்கொண்டாள். இருட்டுவதற்கு முன்னால் கல்லறைக்குப் போய்த் தபானிக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள், நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். சனிக்கிழமை சவுனாவை, அந்த நீராவிக் குளியல் அறையை, தனக்கு மட்டும் சூடாக்குவாள். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள், அங்கே காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் எழுகிற சத்தம் இப்போது ரொம்பப் பெரிதாகக் கேட்கிறதாம். அவ்வளவுதான் சொன்னாள். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒப்பாரி வைக்காத குறையாக அழுதேன்.

மகள் உண்டாகியிருப்பதே அவளுக்கு மூன்றாம் மனுஷி சொல்லித்தான் தெரியும். சானாவோடு வாழ்கிற பையன் யேரே எங்கள் ஊர்க்காரன். அவனுடைய அத்தை கடையில் பால் வாங்குகிற வரிசையில் நின்று, "பாட்டியாகப் போறியே மெர்யா, எப்போ?" என்று கேட்டிருக்கிறாள். மெர்யா, "வரப்போ வரும்" என்று சொல்லிவிட்டுப் பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் பெரிய கொம்புமான் வேட்டை தொடங்குகிற முதல் சனிக்கிழமை யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள். பல் டாக்டர் காட்டில், பாதிரியார் காட்டில், எங்களுடைய இன்னொரு மயக்க மருந்து நர்ஸும் ஆரஞ்சுத் தொப்பியோடு காட்டில். யேரேயும் அதற்காகத்தான் வந்திருந்தான். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று சானாவையும் கூட்டி வந்து தன் பெற்றோர் வீட்டில் விட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆம்பளைப் புத்தி! காலையில் சானாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. குழந்தை காலைக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, சிசேரியன்தான் வழி. ஆம்புலன்ஸ் எங்களிடம்தான் கொண்டுவந்தது. யேரேயின் போன் காட்டுக்குள் கிடைக்கவில்லை.

கதவு திறந்து படுக்கை உள்ளே வந்தபோது மெர்யா பம்ப்பில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் வேலை செய்வதில்லை, அது வழக்கம். கிம்மோவுக்குச் சங்கடம். சானாவிடம் குனிந்து, "இவங்க உங்க அம்மா, தெரியும். இன்னொரு நர்ஸ் காட்டுல இருக்கா, வர நேரமாகும். அதுவரைக்கும் குழந்தை காத்திருக்காது. உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டான்.

சானா சுவரைப் பார்த்தபடி, "யாரா இருந்தா என்ன, எனக்கு ஒண்ணுதான்" என்றாள்.

முதுகில் ஊசி போடும்போது தாயை உட்கார வைத்து முதுகை வளைக்க வேண்டும். நர்ஸ் எதிரே நின்று தோளைப் பிடித்துக்கொள்வாள். தாயின் தலை நர்ஸின் தோளில் சாயும். எல்லாத் தாய்மாருக்கும் இப்படித்தான். அன்றைக்கு மெர்யா நின்றாள், சானாவின் நெற்றி அவள் தோளில் இருந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு. நான் கத்திரிகளை எண்ணுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். ஊசி முடிந்ததும் சானா தலையை எடுத்துவிட்டாள்.

படுக்க வைத்தோம். இடுப்புக்கு அடியில் தலையணை, டிரிப்ஸ் வேகமாக, பம்ப் ஓடியது, பட்டை இறுகியது. பிரஷர் நன்றாக இருந்தது. மெர்யா ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"காலைல என்ன சாப்ட்ட?"

பதில் இல்லை.

"யேரே காட்டுல எந்தப் பக்கம் போயிருக்கான்?"

பதில் இல்லை. சானா கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துர்க்குல மழையா?"

ஊமைப் பள்ளிக்கூடம். மேஜையில் படுத்துக்கொண்டும்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்கியிருப்பேன், கையில் மட்டும் கிருமி நீக்கிய கையுறை இல்லாமல் இருந்திருந்தால். மெர்யாவின் கையில் இருந்த ஒரே கருவி அந்தப் பேச்சு. கோபத்தில் பேசாமல் இருக்கிறாளா, பிரஷர் இறங்கிப் பேச முடியாமல் இருக்கிறாளா என்று எப்படித் தெரியும்? மெர்யாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"சரி, பேச வேணாம்" என்றாள். "கைய மட்டும் அழுத்து. அழுத்தினா நல்லாருக்கேன்னு நான் எடுத்துக்கறேன்."

கொஞ்சம் பொறுத்து அந்த விரல்கள் அழுத்தின. பிறகு இன்னொரு தடவை. மெர்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரிசு கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தது.

நாங்கள் வயிற்றைத் துடைத்து மருந்து பூசினோம். துணி விரிப்பதற்காக ஆளைக் கொஞ்சம் நகர்த்தினோம். அந்த நகர்த்தலில் இடுப்புக்கு அடியில் இருந்த தலையணை வழுக்கிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. கிம்மோ டிரிப்ஸில் புதுப் பையை மாட்டுவதற்குத் திரும்பியிருந்தான். சானாவின் விரல்கள் தளர்ந்தன. கை மெதுவாக மெர்யாவின் கையிலிருந்து நழுவியது.

மெர்யா என்ன செய்தாள் தெரியுமா? தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊர் மரியாதை அது. ஒருவர் விலகினால் நாமும் விலகிக்கொள்ள வேண்டும், துரத்திக்கொண்டு போகக் கூடாது. எவளுடைய மௌனத்தையும் நம்பாதவள், தன் மகளுடைய மௌனத்தை மட்டும் நம்பிவிட்டாள். மகள் இன்னமும் தன்னை வெறுக்கிறாள் என்று அத்தனை உறுதியாக நம்பியிருந்தாள் பாவி.

எனக்குச் சானாவின் உதடு தெரிந்தது. வெள்ளைக் காகிதம். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொரு குரல் கேட்டது.

"அம்மா."

எல்லோரும் நின்றுவிட்டோம்.

"அம்மா, குமட்டுது."

மெர்யா எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. "கிம்மோ, விழுது! தலையணை போயிடுச்சு, இடப்பக்கம் சாய்!" கிம்மோ அவள் முடிப்பதற்குள் மேஜையைச் சாய்த்துவிட்டான். மெர்யாவின் ஒரு கை தலையணையைச் செருகியது, இன்னொரு கை பம்ப்பைக் கூட்டியது. அப்போதுதான் பட்டை இறுகித் தளர்ந்து எண்ணைக் காட்டியது. பாதாளத்தில் இருந்தது. அடுத்த எண் கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்தது இன்னும் ஏறியது. உதட்டில் நிறம் திரும்பியது.

"இங்கதான் இருக்கேன். இங்கதான் இருக்கேன் சானா. இன்னும் குமட்டுதா?"

"கொஞ்சம்."

"போயிடும். மூச்ச இழு. கைய விடாத, நானும் விட மாட்டேன்."

சானாவின் மார்புக்குக் குறுக்கே திரையை ஏற்றினோம், ஆபரேஷன் செய்கிற டாக்டர் கத்தியைக் கேட்டார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெர்யாவின் குரல் வந்தது. உருளைக்கிழங்கைப் பற்றி இல்லை.

"நீ அன்னிக்குக் கேட்டியே, அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு. அவர் ஒண்ணுமே சொல்லல சானா. கையுறைய மறந்துட்டுப் படகுத் துறைக்குப் போயிட்டாரு. நான் ஜன்னல்ல தட்டினேன், கையுறையத் தூக்கிக் காட்டினேன். வேணாம்னு கைய ஆட்டினாரு. அவ்ளோதான். அத்தன பேர் நடுவுல உன்கிட்ட அதப் போய் எப்படிச் சொல்றது? ஏதாவது சொல்லியிருந்தா நான் உனக்குக் குடுத்திருப்பேனே. எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா."

திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம். யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. கையுறை போட்டவள் கண்ணைத் துடைக்க முடியாது, மூக்கைத் துடைக்க முடியாது. முகக்கவசத்துக்குள் எல்லாம் ஒழுகியது.

"அப்புறம்?" என்றது சானாவின் குரல்.

"அப்புறம் என்ன, கையுறை இன்னும் ஜன்னல்லதான் இருக்கு."

குழந்தை பெண். காலை முதலில் நீட்டிக்கொண்டு வந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. இந்த வம்சத்தில் ஒன்றாவது வாயோடு பிறந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சானா குழந்தையோடு துர்க்குவுக்குப் போய்விட்டாள். அங்கேதான் அவளுக்கு வேலை, வீடு, எல்லாம். ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறதாம், சின்னதாக முடிந்துவிடுகிறதாம். மெர்யா இன்னும் காபி அறை ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சவுனாவும் இன்னும் ஒருத்திக்குத்தான் சூடாகிறது. நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்.

டியூட்டி முடிந்து நான் வார்டு வழியாக வந்தேன். சானாவின் அறைக்கு வெளியே மெர்யா கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"உள்ள போடி!"

"என்ன பேசறது ரைசா?"

"இவ்ளோ நேரம் என்னடி பேசின?"

"அது உள்ள. தியேட்டர்ல." அவள் முகத்தில் அப்படி ஒரு பயம். "இங்க எனக்கு வரல. வாசல்ல நின்னதும் எல்லாம் போயிடுச்சு."

"உருளைக்கிழங்கு தோண்டியாச்சான்னாவது கேளேன், கடவுளே!"

அவள் திரும்பி நடந்துவிட்டாள். போய்விட்டாள், இனி வர மாட்டாள் என்று நினைத்து நான் மனசுக்குள் திட்டிக்கொண்டே பூட்ஸைக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் பிரஷர் பட்டை. கோட்டையும் தொப்பியையும் கழற்றாமலே உள்ளே போனாள்.

"பிரஷர் பாக்கணும்" என்று அவள் சொல்வது கேட்டது.

வார்டு நர்ஸ் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். சானாவுக்கு அது தெரியாதா? ஒரு கணம் தாயையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி, கையை நீட்டினாள்.

நான் கிளம்பும்போது கதவிடுக்கில் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். மூக்கை நுழைக்கக் கூடாதுதான், ஆனாலும் பார்த்தேன். சானாவின் கையில் பட்டை சுற்றியிருந்தது. மெர்யா ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், சானா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டையிலிருந்து வந்த ரப்பர் குழாயின் மறுமுனை எந்த மெஷினிலும் மாட்டாமல் போர்வை மேல் கிடந்தது.